யானைத்தீ

போன ஆவணியில் கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் தம்பி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ரசத்துக்குச் சோறு வைக்க வந்தவரை, எதிர் வரிசையில் இருந்த உறவுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவனுக்குப் போதும்ப்பா. வாயைக் கட்டினாத்தான் உடம்பு இறங்கும்" என்றார் சிரித்துக்கொண்டே. நல்ல மனுஷர்தான். தம்பி ஒன்றும் சொல்லாமல் இலையை மூடிவிட்டுக் கைகழுவப் போய்விட்டான். பாயசம் இன்னும் எங்கள் வரிசைக்கு வரவே இல்லை.

அந்த இடத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. நாலு பேர் முன்னால் பெரியவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுக்கா, பேரு மட்டும் வேண்டாம்" என்றான்.

அவனுக்கு இப்போது 19 வயது. உயரம் 152 சென்டிமீட்டர், எடை 91 கிலோ. எனக்கு அடுத்து 11 வருடம் கழித்துப் பிறந்தவன். நாங்கள் சாத்தூர். அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலைக்குப் போய்வருகிறேன். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்ஸ் என்று நாள் முழுக்கத் தமிழ் தட்டச்சுதான்.

நாலாம் வகுப்புப் படிக்கும்வரை அவன் ஒல்லிப் பையன். பிரேயரில் வரிசையில் எப்போதும் முதல் ஆள், ஏனென்றால் வகுப்பிலேயே குள்ளம் அவன்தான். சித்தி மகன் அவனைவிட மூன்று வயது சின்னவன்; அவனுடைய சட்டை இவனுக்குச் சரியாக இருந்தது. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பிறகு காலையில் எழுந்ததும் தலைவலி என்பான், ஒரு வாந்தி எடுப்பான், பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வான். பக்கவாட்டில் வரும் பந்து அவனுக்குத் தெரியாது. கண்ணாடி போட வேண்டியிருக்குமோ என்று கண் டாக்டரிடம் அழைத்துப்போனோம். அவர் இவன் முகத்துக்கு நேராக விரலை வைத்து, மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோனார். கொஞ்ச தூரம் போனதும், "இப்போ காணோம் சார்" என்றான். இந்தப் பக்கமும் அப்படித்தான், அந்தப் பக்கமும் அப்படித்தான். கண்ணாடி எழுதித் தரவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதித் தந்தார்.

மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே ஒரு கட்டி. இரண்டு கண்ணின் நரம்புகளும் வந்து சேர்கிற இடத்தை அது அழுத்திக்கொண்டிருந்தது. கிரேனியோபாரிஞ்சியோமா என்று பெயர். 1932இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர் அது. புற்றுநோய் இல்லை. குழந்தை கருவில் இருக்கும்போதே தங்கிப்போன ஒரு துண்டுத் திசுவிலிருந்து வளர்வது. உள்ளே மோட்டார் எண்ணெய் மாதிரி நீர் தேங்கியிருக்கும். மதுரையில் ஏழு மணி நேரம் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டியை எடுத்துவிட்டார்கள், பார்வையும் பெருமளவு காப்பாற்றப்பட்டது. அந்த மருத்துவர்களை இன்றும் கும்பிடுகிறேன். இதைச் சொல்லாமல் மேலே எழுதக் கூடாது.

பிட்யூட்டரி போய்விட்டது. அது ஹார்மோன் விட்டுச் செய்துவந்த வேலைகளுக்கெல்லாம் இப்போது மருந்து. விடிந்ததும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு மாத்திரை. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் ஊசியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்த வாரம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், குடம் குடமாகப் போனான். அதற்கு மூக்கில் அடிக்கும் மருந்து, ஃபிரிட்ஜில் இருக்கும். இதையெல்லாம் அம்மா ஒரு மாதத்தில் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள், வேளை தவறாமல் மில்லிகிராம் கணக்கில் மருந்து கொடுத்தாள்.

பசி மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தது.

முதலில் எங்களுக்குச் சந்தோஷம். இத்தனை நாள் கொறித்துக்கொண்டிருந்த பிள்ளை நாலு இட்லி கேட்கிறானே! அம்மாச்சி நெய் ஊற்றிக் கொடுத்தாள். நாலு ஆறாகி, பத்தானது. சாப்பிட்டுக் கை காய்வதற்குள் "அடுத்து எப்போம்மா?" என்பான். அறுவை சிகிச்சைக்கு முன்னால் 22 கிலோ. ஒரு வருடம் முடிவதற்குள் 41 கிலோ. அப்பா மாதச் சம்பளத்தன்று வாங்கிவரும் காராச்சேவு டின் மறுநாள் காலை காலியாக இருக்கும். சாத்தூரில் காராச்சேவு வாசனை படாமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. அந்த வாசனை அவனை என்ன செய்தது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். அடுக்களையில் சத்தம் கேட்டு எழுந்துபோனேன். விளக்குப் போடாமல், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் மாவுப் பாத்திரம். மறுநாளைக்கு அரைத்து வைத்த இட்லி மாவை விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாடையெல்லாம் மாவு. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. "வயிறு நெறைஞ்சிருச்சுக்கா. வலிக்குது. ஆனா பசிக்குதுக்கா" என்றான்.

பத்து வயதுப் பையன் சொன்னது. இந்த ஒன்பது வருடத்தில் இதைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். அவன் அன்று சொன்னதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு அது அப்போது புரியவில்லை. அப்பா அடுக்களைக்குப் பூட்டுப் போட்டார். சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்துப் பரோட்டா வாங்கித் தின்றதற்கு ஒரு நாள் அடித்தும்விட்டார். சொந்தக்காரர்கள் மாத்திரையால் ஊதிப்போய்விட்டான் என்றார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று அம்மாவைச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் குண்டோதரன் என்று பேர் வைத்தார். அது நாலு வருடம் ஒட்டிக்கொண்டது.

மதுரையில் ஹார்மோன் டாக்டர் அம்மா ஒருவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு தலையை வரைந்தார். நடுவில், கீழே, ஒரு புள்ளி. "இதுக்குப் பேரு ஹைபோதலாமஸ். மொத்த மூளை ஒன்றேகால் ஒன்றரைக் கிலோன்னா இது நாலு கிராம்தான். ஒரு பாதாம் பருப்பு அளவு. கட்டி இதுலதான் ஒட்டியிருந்துச்சு." அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு கோடு, குடலிலிருந்து ஒரு கோடு, கொழுப்பிலிருந்து ஒரு கோடு அந்தப் புள்ளிக்கு இழுத்தார். வயிறு விரிந்தால் வேகஸ் நரம்பு வழியே செய்தி மேலே போகிறது. காலியாக இருந்தால் கிரெலின் என்ற ஹார்மோனை வயிறு விடுகிறது. சாப்பாடு இறங்கினால் குடல் சில ஹார்மோன்களை விடுகிறது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருப்பு இருக்கிறது என்பதை லெப்டின் சொல்கிறது. "எல்லாக் கடுதாசியும் இங்கதான் வந்து சேரணும். வந்துக்கிட்டேதான் இருக்கு. பிரிச்சுப் படிக்க ஆள் இல்லம்மா."

படிக்க ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். கடிதமே வரவில்லை என்று மூளை எடுத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். கொழுப்பு இருப்பே இல்லை, பட்டினி கிடக்கிறோம் என்று நம்பும். பட்டினியில் கிடக்கிற உடம்பு என்ன செய்யுமோ அதைச் செய்யும். சாப்பாட்டைத் தேட வைக்கும். கூடவே செலவைக் குறைக்கும். அவன் மத்தியானம் அசந்து தூங்குவதும் மாடி ஏற மறுப்பதும் சோம்பல் என்று நினைத்திருந்தோமே, அதுவும் இதில் சேர்த்திதான். இந்தக் கட்டி வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஆகிறதாம். மாத்திரை ஊதவைக்கவில்லையா என்று அம்மா கேட்டாள். உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவைத்தான் கொடுக்கிறோம், அதற்கு மேல் இல்லை என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா எதுவும் பேசவில்லை. திருமங்கலத்தில் தம்பியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டவர், சாத்தூரில் இறங்கும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். வேலை முடிந்து வந்து, போனில் அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் இது எல்லாமே என் தம்பியின் கதையாக இருந்தது. 1901இல் வியன்னாவில் ஆல்ஃபிரட் ஃப்ரோலிக் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். தலைவலி, வாந்தி, பார்வை போகிறது, உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. பிட்யூட்டரி பக்கத்தில் கட்டி. அப்போது பழி பிட்யூட்டரி மேல் விழுந்தது. 1940இல் சிகாகோவில் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர், எலிகளின் பிட்யூட்டரியைத் தொடாமல் ஹைபோதலாமஸின் நடுக்கீழ்ப் பகுதியை மட்டும் பழுதாக்கிப் பார்த்தார்கள். எலிகள் பந்து மாதிரி பெருத்தன.

அடுத்த கட்டத்தைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பால் கிருஷ்ண ஆனந்த். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ப்ரோபெக் என்பவரோடு சேர்ந்து 1951இல் வெளியிட்டார். ஹைபோதலாமஸின் இரு ஓரங்களிலும் ஒரு சின்ன இடத்தைப் பழுதாக்கினால், எலி சாப்பிடுவதை அடியோடு நிறுத்திவிடுகிறது. முன்னால் சாப்பாடு இருக்கும், தொடாது. பட்டினி கிடந்தே செத்துப்போகும். அவர் இந்தியாவுக்குத் திரும்பி, டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையைக் கட்டி எழுப்பினார். ஓரத்தைத் தொட்டால் பசி போய்விடுகிறது, நடுவைத் தொட்டால் பசி தீர்வதே இல்லை. தம்பிக்குக் கட்டி ஒட்டியிருந்தது நடுவில்.

அந்தப் பாதாம் பருப்புக்குள் ஒரு கூட்டம் நரம்பணுக்கள் 'சாப்பிடு' என்று தூண்டுகின்றன, இன்னொரு கூட்டம் 'போதும்' என்று அடக்குகின்றன. சுண்டெலியின் மூளையில் தூண்டுகிற கூட்டத்தை மட்டும் ஒளியால் எழுப்பும் வித்தை இப்போது கைவந்திருக்கிறது. நன்றாகத் தின்று முடித்த எலிகூட, விளக்கைப் போட்ட சில நிமிடங்களில் மறுபடி தின்னத் தொடங்குகிறது. அந்த எலியைப் பார்த்து யாராவது வாயைக் கட்டு என்று சொல்வோமா?

எனக்கு மிகவும் பிடித்தது டக்ளஸ் கோல்மன் செய்த சோதனை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் என்று எலி வளர்க்கும் இடம் இருக்கிறது. அங்கே பரம்பரையாகப் பெருத்துப்போகும் இரண்டு வகைச் சுண்டெலிகள் இருந்தன. ஒரு வகை 1949இல் தற்செயலாகக் கண்ணில் பட்டது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான், தின்றுகொண்டே இருக்கும். கோல்மன் இரண்டு எலிகளின் உடம்பை ஒட்டித் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்கும் ஓடும்படி செய்தார். முதல் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு சேர்த்தால், குண்டு எலி தின்பதைக் குறைத்துக்கொண்டது. இரண்டாவது வகையைச் சாதாரண எலியோடு சேர்த்தால் நடந்தது வேறு. குண்டு எலி அப்படியே இருக்க, பாவம், சாதாரண எலி சாப்பாட்டைத் தொடாமல் செத்தது. கோல்மன் கணக்குப் போட்டார். முதல் வகைக்கு 'போதும்' என்று சொல்லும் செய்தியே உண்டாவதில்லை. பக்கத்து எலியின் ரத்தத்தில் வந்ததும் அடங்கிவிட்டது. இரண்டாவது வகைக்குச் செய்தி ஏராளமாக உண்டாகிறது, ஆனால் அதற்கே அது கேட்பதில்லை. கேட்கிற காது உள்ள பக்கத்து எலி அதைக் கேட்டுக் கேட்டே பட்டினியில் போனது.

அந்தச் செய்தி எது என்று தெரிய 1994 வரை ஆயிற்று. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் ஹார்மோன். ஒல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில், பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் இரண்டு குழந்தைகளுக்குப் பிறவியிலேயே லெப்டின் இல்லை என்று சதாஃப் ஃபரூக்கி, ஸ்டீபன் ஓ'ராகிலி குழு கண்டுபிடித்தது. எட்டு வயதுப் பெண் 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதில், 94 கிலோவைத் தாண்டியிருந்தபோது, லெப்டின் ஊசி தொடங்கினார்கள். ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். பசி அடங்கியது. அந்தக் குழந்தை அதுவரை பட்ட பேச்சு எத்தனையோ! ஊசி போட்ட பிறகு அவளுக்கு மனவுறுதி வந்துவிடவில்லை. ரத்தத்தில் இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் டாக்டருக்குப் போன் செய்து, தம்பிக்கு அந்த ஊசி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "உன் தம்பி ரெண்டாவது எலி மாதிரிம்மா. அவன் ரத்தத்துல லெப்டின் நெறைய இருக்கு." சரி என்று போனை வைத்துவிட்டேன். அழுகை வந்தது. ஆனால் புரிந்துவிட்டது.

இவனுக்குக் கட்டி, அதனால் இப்படி. மற்றவர்கள் தின்றுதானே பெருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். சத்துணவு அமைப்பாளராக இருந்தார். பாலில் கலக்கிக் குடிக்கும் ஏதோ ஒரு பவுடரை வாங்கி, சோற்றை விட்டு, நாலு மாதத்தில் 11 கிலோ குறைந்தார். ஊரே மெச்சியது. ஒன்றரை வருடத்தில் 13 கிலோ ஏறிவிட்டது. அதே ஊர், "ரெண்டு நாள் கட்டுப்பாடு, அப்புறம் பழைய குருடி" என்றது. அவர் என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்: "குறைஞ்சப்பறம் பசி முன்னைவிட அதிகமாயிருச்சுடீ, யாருட்ட சொல்ல?"

அவர் சொன்னது உண்மை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மெல்போர்னில் 2011இல் வெளியான ஆய்வில் 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். சராசரியாகப் பதின்மூன்றரைக் கிலோ குறைந்தார்கள். ஒரு வருடம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால், லெப்டின் இன்னும் குறைவு, கிரெலின் இன்னும் அதிகம், பசி ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கூடுதல். இழந்த எடையை மூளை மறக்கவில்லை. கொழுப்பு இருப்புக் கரைந்துபோய்விட்டது, திரும்பச் சேர்க்க வேண்டும் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. பஞ்சத்தில் செத்துப்போகாமல் நம்மை இதுவரை கொண்டுவந்து சேர்த்த மூளை அது. பெரியம்மா ஒவ்வொரு நாளும் அந்தத் தள்ளலை எதிர்த்து நின்று பார்த்திருக்கிறார், யாருக்கும் தெரியாமல்.

ஒரே சாப்பாடு எல்லோரையும் ஒரே மாதிரி பெருக்க வைப்பதுமில்லை. கனடாவில் கியூபெக்கில், ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த 12 ஜோடி இரட்டைச் சகோதரர்களுக்கு 84 நாட்கள் தினமும் ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரு ஜோடிக்குள் பார்த்தால் அண்ணன் தம்பிக்கு இடையிலான வித்தியாசம், மற்ற ஜோடிகளோடு இருந்த வித்தியாசத்தைவிட மிகக் குறைவு. 1990இல் வெளிவந்தது இது. பிறக்கும்போதே கொண்டுவருவது அவ்வளவு இருக்கிறது.

அப்படியென்றால் நாற்பது வருடத்துக்கு முன்னால் ஏன் இத்தனை பேர் பெருக்கவில்லை? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. ஐந்து வருடத்துக்கு முந்தைய கணக்கில் 30.9. ஐந்து வருடத்தில் மரபணு மாறாது, மனவுறுதியும் இப்படிச் சரியாது. சுற்றியிருக்கும் சாப்பாடு மாறிவிட்டது. அமெரிக்காவில் கெவின் ஹால் 2019இல் 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு என்று கொடுத்தார். முன்னால் வைத்த சாப்பாட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் சமம், வேண்டுமட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பத்து ரூபாய் சிப்ஸ் சரம் தொங்காத பெட்டிக்கடை எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. பாதாம் பருப்பு அளவு உள்ள ஒன்று, பஞ்சத்துக்காகச் செய்யப்பட்ட ஒன்று, அந்தச் சரத்துக்கு முன்னால் நிற்கிறது.

'30 நாளில் 10 கிலோ, நிரந்தரத் தீர்வு' என்று மாதம் ஒரு நோட்டீஸாவது எங்கள் அச்சகத்துக்கு வரும். அதைத் தட்டும்போதெல்லாம் பெரியம்மா முகம் வரும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்கிறோம் என்றும் எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கிற வீடுகள் எங்காவது இருக்கும். டாக்டர் எங்களுக்கு முதலில் சொன்னது, சாப்பாடு எப்போது வரும் என்பது அவனுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும், நடுவில் வரவே வராது என்பதும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்பது. 'கொஞ்சம் பொறு, பார்க்கலாம்' என்ற பேச்சுதான் அவனை அதிகம் வதைத்தது. இப்போது ஏழரை, பத்தரை, ஒன்று, நாலரை, ஏழரை. ஒரு நிமிடம் பிந்துவதில்லை. மணி தெரிந்தால் மனசு கொஞ்சம் அடங்குது என்கிறான். நொறுக்குத் தீனி யாருக்கும் வீட்டில் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. அவன் சாப்பிடாத நேரத்தில் அவன் முன்னால் நாங்கள் யாரும் ஒரு காபிகூடக் குடிப்பதில்லை. தட்டில் முதலில் கீரை, பொரியல், அவித்த பயறு, சோறு கடைசியில். கோடையில் எங்கள் ஊர் வெள்ளரிக்காய் பெரிய உதவி. வைப்பாற்றுப் பக்கத்திலிருந்து பிஞ்சாக வரும். பஸ் ஸ்டாண்டில் கீறி மிளகாய்ப் பொடி தடவித் தருவார்களே, அதேபோல் அம்மா வீட்டில் செய்து ஒரு தாம்பாளம் நிறைய வைப்பாள். அது மட்டும்தான் அவன் கணக்குப் பார்க்காமல் சாப்பிடுவது. பள்ளிக்கூடத்துக்குக் கடைத்தெரு வழியே போகாமல் பின் தெரு வழியே போகப் பழக்கினோம். அடுக்களைப் பூட்டு இன்னும் இருக்கிறது. இப்போது அவனே போடச் சொல்கிறான்.

இதனால் ஒல்லியாகிவிடவில்லை. 96 வரை போய், இப்போது 91இல் நிற்கிறது. சர்க்கரை வரவில்லை, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் அப்பாவோடு நாற்பது நிமிடம் நடக்கிறான். நடந்தால் எடை குறையும் என்று சொல்லி அழைத்துப்போவதில்லை. இருதயத்துக்கு நல்லது என்றுதான் சொல்கிறோம்.

2025இல் மௌஞ்சாரோ, வெகோவி ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததும் எல்லோரும் எங்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். குடல் ஹார்மோனைப் போல வேலை செய்து, மூளையில் 'போதும்' என்ற பக்கத்துக்கு வலு சேர்க்கும் மருந்துகள் அவை. சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பு நின்றுவிட்டது என்று அதைப் போட்டவர்கள் சொல்வதைப் படிக்கும்போது, பசி மூளையில்தான் இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் தம்பி மாதிரி ஹைபோதலாமஸே பழுதானவர்களுக்கு அவை ஒருவருக்குக் கேட்கும், ஒருவருக்குக் கேட்காது. லெப்டின் சொல்லவேண்டியதை, அதற்கு அடுத்த படியில் போய் நேராகச் சொல்லும் செட்மெலனோடைடு என்று ஒரு மருந்தை இந்த வகை உடல் பருமனுக்கே சோதித்து நல்ல முடிவு வந்திருக்கிறது. இங்கே நமக்கு எட்டும் விலையில் அது வரட்டும். காத்திருக்கிறோம்.

குண்டோதரன் என்று சொன்னேன் அல்லவா. ஒரு தடவை மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸில் வைகைப் பாலம் வந்ததும் அம்மா அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். மீனாட்சி கல்யாணத்தில் மலை மலையாகச் சோறு மிஞ்சிப்போக, சொக்கநாதர் தன் பூதகணத்தில் ஒருவனான குண்டோதரன் வயிற்றில் பசித்தீயை ஏற்றிவிட்டார். அவன் எல்லாவற்றையும் தின்றான், இன்னும் பசிக்கிறது என்று அழுதான். பிறகு தாகம். கிணறு, குளமெல்லாம் குடித்தும் தீரவில்லை. "அவனை யாரும் அடிக்கலை, கேலி பண்ணலைடா. அன்னக்குழியில சோறு வந்துச்சு. கையை வைன்னு சொல்லி இந்த ஆத்தையே வரவழைச்சுக் கொடுத்தாரு." தம்பி ஜன்னல் வழியே மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். பசியும் தாகமும் சேர்ந்து தீராத ஒருவன். அம்மா சொல்லும்வரை அந்தக் கதையை நான் அப்படி யோசித்ததே இல்லை. அதே வருடம், பிளஸ் டூ தமிழ் நோட்ஸ் ஒன்று தட்டும்போது 'யானைத்தீ' என்ற சொல் வந்தது. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி என்னும் நோய். நோய் என்றே போட்டிருந்தது.

அடுத்த புதன்கிழமை மதுரையில் அவனுக்கு ரத்தப் பரிசோதனை. ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்ட பிறகு வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் அவன் காலை ஏழரை மணி தள்ளிப்போகும். அதனால் அப்பா முந்தின நாளே போய், எங்கள் உறவுக்காரர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று முதல் டோக்கன் வாங்கிவிடுவார். அம்மா இட்லியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொள்வாள். ஊசியை எடுத்த கையோடு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம்.